நோய் தொடாத பிள்ளைகள்

1998 செப்டம்பர் கடைசியில் மலேசியாவின் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சலும் தலைவலியும் நினைவு தப்புதலும் வரத் தொடங்கின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. சிரம்பானை ஒட்டிய சிக்காமாட்டுக்கு வந்தது. அங்கிருந்து போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலண்டோக்குக்கு இறங்கி, தன் முழு உக்கிரத்தையும் அங்கேதான் காட்டியது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிக்கும் நோய். இங்கே விழுந்தவர்களோ உழைக்கும் வயது ஆண்கள்: பன்றிக்குத் தீனி வைத்தவர்கள், ஊசி போட்டவர்கள், லாரியில் ஏற்றி இறக்கியவர்கள். சீனர்கள் அதிகம், பண்ணைகளில் கூலி வேலை பார்த்த நம்மவர்களும் இருந்தார்கள். நோயுற்ற பிள்ளைகள் மிகச் சிலரே. ‘இது வேறு ஏதோ’ என்ற சந்தேகத்தை மருத்துவர்களுக்குக் கிளப்பியதில் இந்த வேறுபாட்டுக்கும் பங்குண்டு. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அந்தப் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். புக்கிட் பெலண்டோக்கின் சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியிடமிருந்து கிடைத்ததால் அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. நாடு முழுவதும் 265 பேரைத் தாக்கி, 105 பேரைக் கொன்றது. இராணுவம் வந்து சுட்டும் புதைத்தும் அழித்த பன்றிகள் பத்து இலட்சத்துக்கு மேல்.

இந்த மூன்று எண்களும் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் இருக்கும். பிள்ளைகளைப் பற்றிய எண் அதில் இல்லை. கிருமியைத் தேடியவர்களுக்குப் ‘பிள்ளைகளை நோய் தொடவில்லை’ என்பது ஒரு துப்பு. துப்பு வேலையை முடித்ததும் பிள்ளைகளும் கதையிலிருந்து வெளியேறிவிட்டார்கள். தகப்பன் செத்து, தான் மட்டும் ஒரு தும்மல்கூட இல்லாமல் மிஞ்சிய ஐந்து வயதுப் பிள்ளையை ‘நோய் தொடாதவன்’ என்று எழுதுவது ஆய்வுக்கூடத்துக்குச் சரி. அவன் வீட்டுக்குச் சரியில்லை.

பிழைத்து வந்த பெற்றோரின் கதை இன்னும் சிக்கலானது. நிப்பாவிலிருந்து மீண்டவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்துக்கூட மூளைக்காய்ச்சல் திரும்பி வந்தது. மறதி, மனச்சோர்வு, குணமே மாறிப்போதல் ஆகியவை மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. வேலை விட்டு வந்ததும் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கடைக்குப் போன அப்பா, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு பிள்ளை கூப்பிட்டால் எரிந்து விழுகிறார், அல்லது கூப்பிட்டதே காதில் விழாதவர்போல் உட்கார்ந்திருக்கிறார். செத்துப்போன அப்பாவுக்காவது ஒரு படமும் மாலையும் உண்டு. மாறிப்போன அப்பாவுக்குத் துக்கம் கேட்க யாரும் வருவதில்லை.

இப்படி அழுதால் வரும் முகத்தை இழந்த பிள்ளைக்கு என்ன ஆகிறது? பிள்ளை வளர்ப்பைப் பற்றி நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் பேச்சு இரண்டு. ‘இவன் யார்கிட்டயும் ஒட்ட மாட்டான்’ என்பது ஒன்று. ‘இவ யார் கூப்பிட்டாலும் போயிடுவா’ என்பது மற்றொன்று. முன்னதைப் பெருமையாகவும் பின்னதைச் செல்லமாகவும் சொல்கிறோம். அளவோடு இருக்கும்வரை இரண்டும் குணம்தான். ஆனால் விழுந்து முட்டி உடைந்தாலும் யாரிடமும் ஆறுதலுக்கு ஓடாத பிள்ளை, முன்பின் தெரியாத ஆள் கையை நீட்டினாலும் அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிடும் பிள்ளை, இந்த இரண்டையும் குழந்தை மனநல மருத்துவம் இரண்டு தனித்தனிக் கோளாறுகளாக வகைப்படுத்தியிருக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: வாழ்வின் முதல் ஆண்டுகளில், அழுதால் வரும் ஒரே முகம் என்று ஒன்று நிலையாகக் கிடைக்காமல் போனது.

இதைக் கோட்பாடாக எழுதியவர் ஜான் பௌல்பி என்ற இங்கிலாந்து மருத்துவர். உலகச் சுகாதார நிறுவனத்துக்காக, போரில் வீடிழந்த பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1951-இல் வந்தது. பௌல்பி வசதியான வீட்டுப் பிள்ளை. வளர்த்தது தாய் அல்ல, ஆயா. அவருக்கு நான்கு வயது ஆனபோது அந்த ஆயா வேலையை விட்டுப் போய்விட்டாள். அது தாயை இழந்ததற்குச் சமமாக இருந்தது என்று பின்னாளில் சொன்னார். அவரோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-இல் ஒரு படம் எடுத்தார். பெற்றோரைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் சில நாள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றிய படம் அது. இப்படிப் பிரியும் பிள்ளைகள் முதலில் கத்தி அழுகிறார்கள். பிறகு சோர்ந்து சுருங்குகிறார்கள். கடைசியில் அமைதியாகிவிடுகிறார்கள். அந்த மூன்றாம் கட்டத்தைப் பார்த்துத் தாதிகள் ‘பழகிவிட்டது’ என்று நிம்மதியடைந்தார்கள் என்பதுதான் ராபர்ட்சனை உறுத்தியது. நம் துக்க வீடுகளிலும் பதினாறாம் நாள் முடிந்ததும் இதே சொல் காதில் விழும்: ‘பிள்ளை சமாளிச்சிக்கிட்டான்.’

துக்க வீட்டில் நாம் செய்யும் வேறு இரண்டு காரியங்களும் இருக்கின்றன. கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அதனாலேயே யாரும் கேள்வி கேட்பதில்லை. ‘அப்பா ஊருக்குப் போயிருக்கார், வந்துடுவார்’ என்று சொல்லிப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். பிள்ளை காத்திருக்கிறது. ஒவ்வொரு மோட்டார் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடுகிறது. ஒரு நாள் ஓடுவதை நிறுத்துகிறது. அன்றைக்கு அது அப்பாவின் சாவை மட்டும் தெரிந்துகொள்வதில்லை. மிச்சமிருக்கும் பெரியவர்கள் சொல்வதை நம்பக்கூடாது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்கிறது. இரண்டாவது, பங்கு பிரிப்பது. மூத்தவன் மாமா வீட்டில், நடுவுள்ளவள் அத்தை வீட்டில், கைக்குழந்தை மட்டும் அம்மாவோடு. சோற்றுக்கணக்குப்படி இது நியாயம். பிள்ளைக் கணக்குப்படி, அப்பாவை இழந்த அதே மாதத்தில் அம்மாவையும் கூடப்பிறந்தவர்களையும் தெருவையும் பள்ளியையும் சேர்த்து இழப்பது. இதற்கெல்லாம் நிப்பா வர வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிள் விபத்தும் சம்சுச் சாராயமும் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இதே வேலையை நிதானமாகச் செய்து வந்திருக்கின்றன.

இந்த இடத்தில், தாய் வேலைக்குப் போனதுதான் காரணம் என்று யாராவது எழுந்து நிற்பார்கள். பௌல்பியின் பெயரைச் சொல்லியே அந்தப் பழியை மேற்கில் ஒரு தலைமுறைப் பெண்கள்மேல் சுமத்தினார்கள். நம் பாட்டிமார்மீது அதை வைத்துப் பாருங்கள். விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போக வேண்டும். இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரம் வெட்ட வேண்டும். பிள்ளையைத் தூக்கத்தோடு தூக்கிப்போய் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் நிரைக்குப் போனார்கள். கூரைக்கட்டையில் வரிசையாக ஏணைகள். மரம் வெட்ட முடியாத வயதில் ஒரு கிழவி. அவளே அவர்கள் எல்லோருக்கும் ஆயா. அந்தக் கொட்டகையைப் பொன்னுலகமாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. ஒரே கிழவிக்கு அத்தனை கைக்குழந்தைகள் அதிகம்; மூக்கு ஒழுகலும் ஈயும் சிரங்கும் அங்கே உண்டு. ஆனால் அந்தக் கிழவி மாறவில்லை. அவள் மடியில் வளர்ந்தவன் பள்ளிக்கூடம் போகும் வயதிலும் அவள் அதே கொட்டகையில் அவன் தம்பியை ஆட்டிக்கொண்டிருந்தாள். அம்மா ரப்பர்ப் பாலை நிறுத்துவிட்டு வரும் நேரமும் பிள்ளைக்குத் தெரியும்.

பௌல்பியின் கருத்துக்குக் களச்சான்று கொடுத்த மேரி எயின்ஸ்வொர்த் தன் முதல் ஆய்வை 1954-இல் தொடங்கியது உகாண்டாவில், கம்பாலாவுக்குப் பக்கத்துக் கிராமங்களில். 26 குடும்பங்கள். அங்கேயும் தாய்மார் வயலுக்குப் போனார்கள். பாட்டி, அத்தை, அக்காள் என்று பல கைகள் பிள்ளையைத் தூக்கின. பிள்ளைகள் பலரிடம் ஒட்டிக்கொண்டன. அதிலே குறை ஒன்றுமில்லை. எத்தனை கைகள் என்பதைவிட அவை அதே கைகளாக இருக்கின்றனவா, பிள்ளையின் அழுகையைப் படிக்கத் தெரிந்த கைகளா என்பதே வேறுபாட்டை உண்டாக்கியது. உளவியல் கற்றவர்கள் இதை நான் மிகவும் எளிமையாக்குகிறேன் என்று சண்டைக்கு வரலாம். வரட்டும். மரம் வெட்டிய பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சிக்கலான கோட்பாட்டைவிட இது மேல்.

தோட்டம் கலைந்தபோது போனது லயன் வீடும் கோயிலும் மட்டுமல்ல, இந்தக் கைகளும்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு வேற்றுநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். புக்கிட் பெலண்டோக்குக்கு அண்டையில் சிப்பாங்கில் விமான நிலையம் 1998 ஜூனில் திறந்தது. அதற்குச் சற்று வடக்கே புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார் முதலான தோட்டங்களின் மக்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டார்கள். வீட்டுக்கும் நிலத்துக்கும் நாம் போராடினோம், இன்னும் போராடுகிறோம். ஆயாக் கிழவி எந்த மாடியில், எந்தக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள் என்று எந்தக் கோரிக்கை மனுவும் கேட்டதில்லை. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தில் குழந்தைக் காப்பகமும் முதலாளியின் கடமைகளில் ஒன்று. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்?

அவர்களின் மகள்மார் இப்போது செனவாங்கிலும் நீலாயிலும் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறார்கள். பிரசவ விடுப்பு 60 நாளாக இருந்தது, 2023 ஜனவரியிலிருந்து 98 நாள். நல்ல மாற்றம்தான். தொண்ணூற்றொன்பதாம் நாள் பிள்ளை யாரிடம்? பதிவு பெற்ற காப்பகங்களில் ஒரு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது விதி. ஆயாக்கொட்டகை கனவிலும் காணாத கணக்கு. அதற்கேற்ற கட்டணம் ஷிப்டு சம்பளத்துக்கு எட்டாது. ஆகவே இந்த மாதம் கீழ்வீட்டு அக்கா, அடுத்த மாதம் இன்னொருவர், அவருக்கும் வேலை கிடைத்துவிட்டால் மூன்றாவது ஆள். பிள்ளை அழுது பழகிய முகம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகிறது.

இதைவிட மோசமான இடம் ஒன்று இருக்கிறது. நம் சமுதாயம் தருமம் என்ற பெயரில் போற்றுவது அது. வறுமையால், தாய் தந்தை பிரிவால், உறவினர் கைவிட்டதால் தனியார் இல்லங்களில் சேர்க்கப்படும் பிள்ளைகளைச் சொல்கிறேன். அவர்களில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவரின் பிறந்தநாள் அங்கே கொண்டாடப்படும். கேக், கோழிப் பிரியாணி, புகைப்படம். கார் நின்றதுமே பிள்ளைகள் ஓடிவந்து முன்பின் அறியாதவர் இடுப்பைக் கட்டிக்கொள்கிறார்கள், மடியில் ஏறுகிறார்கள். ‘எவ்வளவு பாசமான பிள்ளைங்க!’ என்று கண் கலங்கிவிட்டு வீடு திரும்புகிறோம். நாம் பார்த்தது பாசமாக இல்லாமல் போகலாம். வருகிறவர்களில் யார் தங்குவார் என்று தெரியாத பிள்ளை, எல்லோரையும் ஒருமுறை பிடித்துப் பார்க்கிறது.

ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி விட்டுச்சென்ற அரசு இல்லங்களில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வு இதை அளந்து காட்டியது. இல்லங்களில் இருந்த 136 சிறு பிள்ளைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் பெரும்பாலும் அதிகம் தேறினார்கள். ஒட்டாத பிள்ளை குடும்பம் கிடைத்ததும் ஒட்டத் தொடங்கியது; யார் கூப்பிட்டாலும் போகும் பழக்கம்தான் பலரிடம் அவ்வளவு எளிதில் மறையவில்லை. இல்லங்களை நடத்துபவர்களை நான் குறை சொல்லவில்லை. சம்பளம் குறைந்த, ஆள் நிலைக்காத வேலை அது. பிறந்தநாள் செலவை அந்த வேலையாளின் சம்பளத்தில் சேர்த்துக் கொடுங்கள் என்கிறேன். ஒரே ஆள் மூன்று ஆண்டு தொடர்ந்து இருந்தால் பிள்ளைக்கு அதுதான் விருந்து. இன்னும் நல்லது, அந்தப் பணத்தை வைத்து உயிரோடு இருக்கும் தாயிடமே பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று பார்ப்பது.

சரி, பாதிக்கப்பட்டுவிட்ட பிள்ளைக்கு வைத்தியம் என்ன? முதலில் ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன இரண்டு கோளாறுகளும் அபூர்வமானவை. பள்ளியில் கத்துகிற, அடிக்கிற, முகம் பார்க்காத எல்லாப் பிள்ளைக்கும் இந்தப் பெயரை ஒட்டினால் ஆட்டிசம் உள்ள பிள்ளையும் காது கேளாத பிள்ளையும் வீட்டில் அடி வாங்கும் பிள்ளையும் உரிய உதவி கிடைக்காமல் போவார்கள். மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் கோளாறு என்ற அளவுக்குப் போகாத, ஒட்டுதலில் தடுமாறும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குச் செய்ய வேண்டியதும் ஏறத்தாழ இதேதான்.

அந்த வைத்தியத்தில் பலரும் எதிர்பார்க்காத அம்சம், அது பெரும்பாலும் பிள்ளைக்குச் செய்யப்படுவதில்லை என்பது. பிள்ளையைத் தனி அறைக்கு அழைத்துப்போய்ப் பேசிச் சரிசெய்து திருப்பித் தருகிற சமாச்சாரம் இல்லை இது. மாத்திரையும் இல்லை, இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நெறிமுறை இதற்கு மருந்து கொடுக்கக்கூடாது என்றே சொல்கிறது. அது பரிந்துரைப்பது வேறு. பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கே வருகிறார். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை, சோறு ஊட்டுவதைச் சில நிமிடம் வீடியோ எடுக்கிறார். பிறகு அதை அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கிறார். அவள் செய்த தப்பையெல்லாம் ஓட்டிக் காட்டுவதில்லை. பிள்ளை ஒரு கணம் அவளை ஏறிட்டுப் பார்த்ததும் அவள் சிரித்தாளே, அந்த இடத்தில் நிறுத்துகிறார். ‘இங்க பாருங்கம்மா, அவன் உங்களத்தான் தேடுறான்.’ மூன்று நான்கு மாதத்தில் பத்துத் தடவை இப்படி. ‘எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது’ என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி நம்பிவிட்ட ஒரு பெண்ணுக்கு, தனக்குத் தெரிந்திருக்கிறது என்று கண்ணால் காண்பது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. வீடியோ பார்ப்பது தாய்க்கு மட்டுமானதல்ல. பேரனை வளர்க்கும் பாட்டிக்கும், அக்கா மகளை ஏற்றுக்கொண்ட சித்திக்கும், மனைவியை இழந்த அப்பாவுக்கும் இதே முறைதான்.

பெரியவரின் சொந்த மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்ப்பதும் இதில் அடக்கம். கணவனைப் பறிகொடுத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ‘பிள்ளைக்காகவாவது எழுந்திரு’ என்று சொல்வது மருந்தாகாது. அவள் எழுந்திருக்க ஒரு கை வேண்டும். அவள் எழுந்தால் பிள்ளைக்கு நாம் தனியாகச் செய்ய வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

தவறான வைத்தியம் ஆளைக் கொல்லும். பிள்ளையை வலுக்கட்டாயமாக அமுக்கிப் பிடித்து, அது களைத்து அடங்கும்வரை விடாமல் வைத்திருந்தால் பிணைப்பு உண்டாகிவிடும் என்று அமெரிக்காவில் ஒரு கூட்டம் நம்பியது. 2000-ஆம் ஆண்டு கொலராடோவில் பத்து வயது வளர்ப்புப் பெண் ஒருத்தி அப்படிப்பட்ட ‘சிகிச்சை’யில் துணிக்குள் சுற்றப்பட்டு மூச்சுத் திணறி இறந்தாள், நடத்தியவர்கள் சிறைக்குப் போனார்கள். நம் பக்கத்தில் இதன் உறவுக்காரன் ரோத்தான் என்ற பிரம்பு. தாயத்தும் திருநீறும் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. மந்திரித்துவிட்டு வந்த பிறகு வீட்டில் இரண்டு நாள் எல்லோரும் பிள்ளையிடம் பொறுமையாக இருக்கிறார்கள் என்றால் அதுவும் லாபம். பிடிவாதம் என்று பெயர் வைத்துப் பிரம்பால் இறக்கப் பார்ப்பதுதான் ஆபத்து. பெரியவர்களை நம்பாத பிள்ளைக்கு, நம்பாததே சரி என்று பிரம்பு சாட்சி சொல்கிறது.

நம்பத்தக்க பெரியவர் வீட்டில்தான் கிடைக்க வேண்டும் என்றில்லை, பள்ளியிலும் கிடைக்கலாம். ஆனால் போர்ட்டிக்சன் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எண்ணிக்கையைத்தான் பேசுகிறோம். 150 பேருக்குக் குறைந்தால் குறைந்த மாணவர் பள்ளி. மூடுவதா, இடம் மாற்றுவதா, நகர்ப் பள்ளியோடு சேர்ப்பதா? இந்த விவாதத்தில் ஒரு வாதம் விட்டுப்போகிறது. ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பேர் இருக்கும் பள்ளியில், காலையில் வாசலில் நின்று ‘ஏன்யா முகம் வாடியிருக்கு, சாப்பிட்டியா?’ என்று கேட்க ஓர் ஆசிரியைக்கு முடியும். நாளுக்குநாள் அதே ஆசிரியை கேட்டால், வீட்டில் முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு மாறாத ஒரு முகம் கிடைக்கிறது. ஆகவே சிறிய பள்ளி குறைபாடு என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆண்டுதோறும் ஆசிரியரை மாற்றிக்கொண்டிருப்பதுதான் குறைபாடு. மாற்றலே கூடாது என்றால் நடைமுறைக்கு ஒத்துவராது. பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி, புதியவரைப் பழையவர் கையாலேயே அறிமுகம் செய்துவைத்துவிட்டுப் போகலாமே.

சுங்கை நிப்பாவில் இன்று பன்றிப் பண்ணைகள் இல்லை. செம்பனையும் டிராகன் பழமும் இருக்கின்றன. அந்தக் காலத்தை நினைவுகூரும் ஒரு காட்சியகமும் இருக்கிறது. 1999-இல் ஐந்து வயதாக இருந்தவர்கள் இப்போது முப்பதைத் தாண்டிப் பிள்ளை பெற்றவர்கள். எந்தப் பயிற்சியும் இல்லாமலே நல்ல தாய் தகப்பனாகிவிட்டவர்கள் அவர்களில் ஏராளம் இருப்பார்கள். ஒரு பாட்டியோ ஓர் அண்ணனோ ஓர் ஆசிரியரோ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அது நடக்கும். அப்படி யாரும் கிடைக்காதவர்களைத் தேடிப்போக நமக்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. பிரசவம் முடிந்த வீட்டுக்குக் கிராம மருந்தகத் தாதி வருகிறார். தாயின் இரத்த அழுத்தம் பார்க்கிறார், தொப்புள் பார்க்கிறார், பிள்ளையின் எடை பார்க்கிறார். அவருக்குத் தமிழ் பேசும் ஒரு துணையைக் கொடுங்கள். கைப்பேசி வீடியோ முறையில் பயிற்சி கொடுங்கள். அவர் நிரப்பும் படிவத்தில் இன்னும் மூன்று கேள்விகளைச் சேருங்கள்: இந்த வீட்டில் அண்மையில் யாராவது இறந்தார்களா, பிரிந்து போனார்களா? பகலில் பிள்ளை யாரிடம் இருக்கிறது, ஆறு மாதத்தில் எத்தனை பேர் மாறினார்கள்? பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

சமூகநலத் துறைக்கும் இதில் வேலை உண்டு. 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் அதன் கையில் இருக்கிறது. 15999 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. அடி உதை நடந்தால்தான் அந்த எண்ணை அழைக்க வேண்டும் என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். அப்பா செத்த வீட்டில் கூடப்பிறந்தவர்களைப் பங்கு பிரிக்கும் பேச்சு வரும்போதே அழைக்கலாம். வருகிற அதிகாரி பிள்ளைகள் எல்லோரையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்க அந்தக் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு பணம் குறைகிறது என்று கேட்டு, அந்தத் தொகைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.